ரொட்டிக்காரனின் சாட்சியம்

எங்கள் தேயிலைத் தோட்டத்து மருந்தகத்தைக் கவனித்த டிரசர் எழுதிக்கொடுத்த சீட்டுகளில் எவருக்கும் இடுப்புவலி இருந்ததே இல்லை. ‘இடுப்புவலி இருப்பதாகச் சொல்கிறார்’ என்றுதான் இருக்கும். காய்ச்சலில் அந்தச் சங்கடம் கிடையாது. வெப்பமானி காட்டிய எண்ணை எழுதிவிடுவார். தலைவலி, வயிற்றுக் கடுப்பு, மூச்சுமுட்டல் எல்லாமே சொல்லப்பட்டவை. அதற்காக ஒருவரையும் மருந்து கொடுக்காமல் திருப்பி அனுப்பியதில்லை. தைலம் கொடுப்பார், மாத்திரை கொடுப்பார், இரண்டு நாள் ஓய்வும் எழுதுவார். வலியை மட்டும் தன் பொறுப்பில் ஏற்றுக்கொள்ள மாட்டார்.

அந்தச் சீட்டுகள் என் மேசைக்கு வரும். நான் தோட்டத்தின் பெரிய கிராணி, அதாவது தலைமை எழுத்தர். விடுப்புப் பதிவேட்டில் ‘காரணம்’ என்ற கட்டம் ஒன்றரை அங்குல அகலம். அவருடைய வாக்கியம் அதற்குள் அடங்காது.

“இருக்கு, இல்லன்னு ஒரே சொல்லாப் போட்டுக் குடுங்களேன் டிரசர்.”

“இடுப்புவலிய யார் பார்த்திருக்கா கிராணி? நீங்க பார்த்திருக்கீங்களா?”

“அப்ப பொய் சொல்றாங்கன்னு எழுதுங்க.”

“அதையும் நான் பார்க்கலியே.”

டாக்டர் மாதத்துக்கு இரண்டு முறை வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, மழைக்கு முன் இறங்கிவிடுவார். மற்ற நாட்களில் மருந்தகம், பிரசவம், அம்மை குத்துவது, கவ்வாத்துக் கத்தி கிழித்த கை, சாவு எல்லாம் டிரசர் பொறுப்பு. ஒல்லியான மனிதர். மலாக்காவில் பிறந்தவர். ஜப்பான்காரன் யுத்தம் முடிந்தபின் இந்த மலைக்கு வேலைக்கு வந்தவர், குளிருக்குக் கடைசிவரை பழகவில்லை. கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, மூக்கு நுனி எப்போதும் ஈரமாக, யாரிடமோ கோபித்துக்கொண்டவர் போல நடப்பார். கோபமெல்லாம் கிடையாது. எதைச் சொன்னாலும் ‘யார் பார்த்தது?’ என்று கேட்பவரோடு யாரும் நின்று பேசுவதில்லை, அவ்வளவுதான்.

அந்தக் கேள்வியால் ஓர் உயிர் பிழைத்ததையும் சொல்லிவிட வேண்டும். ஒருநாள் காலை, கோலா தெர்லாவிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றி வந்த லோரி எங்கள் எல்லையில் சரிந்து பள்ளத்தில் விழுந்தது. டிரைவர் போய்விட்டான் என்று, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்குச் செய்தி வந்தது. பெண்கள் அழ ஆரம்பித்துவிட்டார்கள். நான் போலீசுக்குத் தொலைபேசி எடுத்தேன். மரணத்தை எந்தப் படிவத்தில் தெரிவிப்பது என்று எனக்குத் தெரியும். டிரசர் ஒவ்வொருவராகப் பார்த்து, “யார் பார்த்தது? யார் தொட்டுப் பார்த்தது?” என்றார். ஒருவரும் இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு பனிமூட்டத்தில் இறங்கினார். முட்டைக்கோஸ் மலைக்கு அடியில் கால் ஒடிந்து கிடந்த டிரைவர் அவரைப் பார்த்துக் கெட்ட வார்த்தையில் திட்டினானாம். அதைச் சொல்லும்போதுதான் டிரசர் சிரித்து நான் பார்த்தேன்.

இந்த மனிதருக்கு ஸ்பெயினிலிருந்து தபால் வந்துகொண்டிருந்தது.

தபால் பையைப் பிரிப்பது என் வேலை. சந்தா நோட்டீஸ், தேயிலை ஏலச் செய்தி, மாரியம்மன் திருவிழாப் பத்திரிகை, இவற்றுக்கு நடுவில் தடித்த பழுப்பு உறை. முதலில் ஏதாவது சபையில் சேர்ந்துவிட்டாரோ என்று நினைத்தேன். அவராகவே ஒருநாள் சொன்னார். மலாக்காவில் அவர் வளர்ந்த தெருவுக்கு அந்தப் பக்கம் போர்த்துகீசியப் பரம்பரையில் வந்த மீனவர்கள் இருந்தார்கள். அவர்கள் வீட்டுப் பேச்சு சின்னப் பிள்ளையிலேயே காதில் விழுந்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, அகராதியை வைத்து, ஸ்பானிஷ் படித்துக்கொண்டார். நானூறு வருடத்துக்கு முன்னால் நம் கரையிலிருந்து பிடித்துக்கொண்டு போனவர்களையும் வாங்கிக்கொண்டு போனவர்களையும் மலாக்காவுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து மணிலாவுக்கு விற்று, மணிலாவில் ஸ்பெயின்காரனின் பெரிய கப்பலில் ஏற்றிப் பசிபிக் கடலைத் தாண்டி மெக்சிகோவில் இறக்கியிருக்கிறார்கள். எத்தனை பேர், யார் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அவ்வளவுதான் அவருடைய ஆசை.

“அதைத் தெரிஞ்சு இப்ப என்ன பண்ணப் போறீங்க?” என்றேன்.

“போனவங்க ஒரு வரி எழுதல கிராணி. வாங்கினவன் எழுதி வச்சிருக்கான். வாங்கினவன் எழுத்துக்குள்ளதான் தேடணும்.”

அந்த எழுத்துகளைப் படமெடுத்த முதல் ஃபிலிம் சுருள் கடைசியில் வந்து சேர்ந்தது. அதாவது வந்து சேர்வதற்கு நான்கு மாதம் ஆனது. வெளிநாட்டிலிருந்து வரும் ஃபிலிம் எதுவானாலும் தணிக்கைக்குப் போக வேண்டும் என்பது விதி. கதைச் சுருக்கம், நடிகர்கள், நீளம் என்று படிவத்தில் கட்டங்கள் இருந்தன. நான்தான் நிரப்பினேன். கதை: அடிமை விற்பனைப் பத்திரங்கள். நடிகர்கள்: இல்லை. ‘ஆபாசக் காட்சி உண்டா?’ என்ற கட்டத்தைப் பார்த்து டிரசர் ரொம்ப நேரம் யோசித்தார். “இன்னும் படிக்கல. தெரியாதுன்னு போடுங்க” என்றார். அந்தத் ‘தெரியாது’வுக்காக மட்டும் இரண்டு மாதம் கூடுதலாகப் பிடித்தது.

சுருள் வந்தது; பார்க்கக் கருவி இல்லை. மருந்தகத்தில் ஒரு நுண்ணோக்கி இருந்தது, மலத்தில் கொக்கிப்புழு முட்டை இருக்கிறதா என்று பார்க்க. ஃபிலிமைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, அதன் கீழே தள்ளித் தள்ளிப் படித்தார். ஒரு தடவைக்கு இரண்டு சொல் தெரியும், மூன்று சொல் தெரியும். ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம். தோட்டச் சொத்தைச் சொந்த வேலைக்குப் பயன்படுத்துவது பற்றிய விதி எனக்குத் தெரியும். கண்டுகொள்ளவில்லை. அப்படிக் கண்டுகொள்ளாமல் விட்டவற்றைத்தான் இந்த வயதில் என் புண்ணியக் கணக்கில் எழுதிக்கொள்கிறேன், பட்டியல் சின்னது.

மருந்தகத்தைப் பெருக்கி, ஊசிகளைக் கொதிக்கவைத்து எடுக்க அஞ்சலை என்று ஒரு பெண் இருந்தாள். கொழுந்து எடுத்தவள், கை மூட்டு வீங்கியதால் இந்த வேலைக்கு மாற்றியிருந்தோம். புருஷன் இறந்து ஐந்தாறு வருடம். செல்வி என்று ஒரே மகள், தானா ராத்தா பள்ளியில் படித்தாள். ‘யார் பார்த்தது?’ என்ற கேள்விக்குப் பயப்படாத ஒரே ஆள் அஞ்சலை. கேட்டால், “நான்தான் பார்த்தேன், என்ன இப்ப?” என்பாள்.

எழுபதுகளின் நடுவில் ஒருநாள் டிரசர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். யாருக்கோ உடம்பு முடியவில்லை என்று குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன். நுண்ணோக்கியைக் காட்டினார். கோணல் கோணலாக நாலு எழுத்து தெரிந்தது.

“என்ன இது?”

“சோழமண்டலக் கரைன்னு இருக்கு. ஒரு பொம்பள. மலாக்காவிலேருந்து வந்த வியாபாரி மணிலாவுல வித்திருக்கான். பொறந்த எடம் போட்டிருக்கான் கிராணி!” துண்டு கழுத்திலிருந்து நழுவியதைக் கவனிக்கவில்லை.

கதை அதோடு முடியவில்லை. அதே பெண் பல வருடம் கழித்து மெக்சிகோவில் தன்னை விடுதலை செய்யச் சொல்லி மனுப் போட்டிருக்கிறாள். அந்தக் காகிதம் அவர் முன்பே படித்திருந்த வேறொரு சுருளில் இருந்தது. ஸ்பெயின் ராஜாவின் குடிமக்களை அடிமையாக வைக்கக் கூடாது என்பது அவர்கள் சட்டம். மணிலாத் தீவுகளில் பிறந்தவர்கள் குடிமக்கள். அதனால் அவள் மணிலாவில் பிறந்ததாகச் சொல்லியிருக்கிறாள். அது உண்மை என்று இரண்டு பேர் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். விடுதலை கிடைத்துவிட்டது.

“இவ பொறந்தது மணிலா இல்ல, சோழமண்டலம். விற்பனைப் பத்திரம் இருக்கு. ரெண்டு காகிதத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தவன் நான் ஒருத்தன்தான்” என்றார். “இதுல வேடிக்கை என்னன்னா, அந்தச் சமயத்துல போர்த்துகலும் ஸ்பெயின் ராஜாவுக்குக் கீழதான் இருந்துச்சு. மலாக்காவும் அவன்துதான், மணிலாவும் அவன்துதான். ஆனா மணிலாக்காரின்னா குடிமக. மலாக்கா வழியா வந்தவன்னா சரக்கு.”

“ஒரே ராஜா, ரெண்டு அலுவலகம்” என்றேன். எனக்கு அது ஆச்சரியமாக இல்லை.

ஊசிகளை இடுக்கியால் எடுத்துக்கொண்டிருந்த அஞ்சலை திரும்பினாள். “அவளுக்குப் புள்ள இருந்துச்சா ஐயா?”

“காகிதத்துல இல்ல.”

“வயசு?”

“நாப்பது இருக்கலாம்னு போட்டிருக்கு. பார்த்தவன் குத்துமதிப்பா போட்டது.”

“அங்க அவ யாரோட பேசுவா? நம்ம பேச்சு தெரிஞ்சவங்க இருந்தாங்களா?”

“அதுவும் இல்ல.”

“அப்ப இத்தன மாசமா என்னாத்ததான் படிச்சீங்க?” என்றாள்.

டிரசர் ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுத ஆரம்பித்தார். எங்கள் அலுவலகத் தட்டச்சில் வேலை முடிந்தபின் நான் அடித்துக்கொடுத்தேன். பதினெட்டாம் பக்கத்தில் அந்த இரண்டு சாட்சிகளைப் பற்றி ஒரு பத்தி. ஒருவன் ரொட்டி சுடுகிறவன், இன்னொருத்தி துணி வெளுக்கிறவள். ‘இவர்கள் அறியாததை அறிந்ததாகச் சொன்னவர்கள், நம்பத்தகாத சாட்சிகள்’ என்று எழுதியிருந்தார்.

பக்கம் இருபத்தொன்றைத் தாண்டுவதற்குள் அஞ்சலையின் வேலை அனுமதி வந்து குறுக்கிட்டது.

குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியிருந்த காலம் அது. தொழிலாளர் லயத்தில் பாதிப்பேர், குடிமக்கள் அல்லாதவர்களுக்கான அடையாள அட்டையான சிவப்பு ஐ.சி. வைத்திருந்தார்கள். அஞ்சலைக்கு இரண்டு முறை நீட்டித்துக் கொடுத்தார்கள். மூன்றாவது முறை, இனி நீட்டிப்பு இல்லை என்று கடிதம் வந்தது. ஆறு மாதத்தில் கிளம்ப வேண்டும். கிளம்பி எங்கே போவது என்பது கடிதத்தில் இல்லை. கப்பல் நாகப்பட்டினம் போகும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

ஒரு வழி இருந்தது. அவள் இந்தத் தோட்டத்திலேயே பிறந்தவள் என்று காட்டினால், தாமதமாகப் பிறப்பைப் பதிந்து, குடிமக்களுக்கான நீல ஐ.சி.க்கு மனுப் போடலாம். பிறப்பை நேரில் அறிந்த, அவளைவிட மூத்த, நீல ஐ.சி. உள்ள ஒருவர் சத்தியப் பிரமாணம் செய்ய வேண்டும். நடைமுறை எனக்கு மனப்பாடம், ஆள்தான் இல்லை. அந்தக் காலத்துப் பெரியவர்களில் பலர் ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதைக்குப் போனவர்கள், திரும்பவில்லை. திரும்பியவர்கள் கையில் சிவப்பு ஐ.சி. எனக்கு அவளைவிட வயது குறைவு. மிஞ்சியவர் டிரசர்.

படிவத்தோடு நானே அஞ்சலையை அழைத்துக்கொண்டு போனேன். அவள் வாசலுக்கு உள்ளே வழக்கமாக நிற்கிற இடத்தில் நின்றாள்.

“ஒரு கையெழுத்து டிரசர். இவ இங்க பொறந்தது உங்களுக்குத் தெரியும்னு.”

அவர் படிவத்தை வாங்கவில்லை. “அஞ்சலை இங்க பொறக்கல” என்றார்.

அஞ்சலை சிரித்தாள். “நான் பத்தாம் நம்பர் லயத்துல பொறந்தேன்னு எங்கம்மா சொல்லும் ஐயா.”

“அம்மா சொல்லியிருக்கலாம். பழைய டிரசரோட அம்மை குத்தின புத்தகம் இருக்கு. கரையான் தின்ன கொட்டகையிலேருந்து நான்தான் எடுத்து வச்சேன். உங்கம்மா பேரு காத்தாயி. கைக்குழந்தை ஒண்ணு, பொண்ணு, எட்டு மாசம். கப்பல்லேருந்து இறங்கி, நோய்த் தடுப்பு முகாம்ல இருந்துட்டு, நேரா இங்க வந்திருக்காங்க. உங்கம்மா கப்பல் ஏறும்போதே நீ இடுப்புல இருந்த.”

புத்தகத்தை எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. பக்கம் அவருக்கு நெட்டுரு.

அஞ்சலை சிரிப்பை நிறுத்தினாள். தான் பிறந்த இடம் முப்பத்தெட்டு வயதில் பறிபோவதை நான் வேறு யார் முகத்திலும் பார்த்ததில்லை.

“இத்தன வருசமா தெரிஞ்சும் சொல்லலியே ஐயா.”

“நீ கேக்கல.”

“இப்பவும் நான் கேக்கலன்னு வச்சுக்குங்களேன்” என்றாள். 

அவர் தலையை அசைத்தார். இல்லை என்ற அசைப்பு.

எனக்குக் கோபம் வந்தது. “டிரசர், அவங்க அம்மா கப்பல் ஏறின துறைமுகமும் வெள்ளைக்காரன்து, இறங்கின துறைமுகமும் வெள்ளைக்காரன்து. நீங்கதான அன்னைக்கு ஒரே ராஜான்னு கத பேசுனீங்க!”

“அது நியாயம் இல்லன்னு எழுதச் சொல்லுங்க, பத்துப் பக்கம் எழுதறேன். பொறந்ததப் பார்த்தேன்னு எழுதச் சொல்லாதீங்க.”

லயத்தில் செய்தி பரவியது. ஒருவரும் அவரிடம் சண்டைக்குப் போகவில்லை. இடுப்புவலிக்காரர்கள் தாங்களே தைலம் வாங்கித் தேய்த்துக்கொண்டார்கள். மூக்கொழுகும் பிள்ளையைக்கூட மோட்டார் சைக்கிளில் வைத்து டவுனுக்குக் கொண்டுபோனார்கள். அஞ்சலை மட்டும் வழக்கம்போலக் காலையில் வந்து பெருக்கி, ஊசியைக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கோபிக்க வசதி இல்லை. அனுமதி முடிகிறவரை சம்பளம் வேண்டும்.

மூன்று வாரம் கழித்து, ஒரு மழை நாள். கட்டுரையின் கடைசிப் பக்கங்களை வாங்கிப்போக நான் மருந்தகத்துக்குப் போயிருந்தேன். நோயாளி ஒருவரும் இல்லை. அஞ்சலை தரையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்:

“அந்த மெக்சிகோ பொம்பளைக்குச் சாட்சி சொன்னாங்களே, அவங்க யாரு ஐயா? சொந்தக்காரங்களா?”

“இல்ல. அதே தெருக்காரங்க. ஒருத்தன் ரொட்டி சுடுறவன். ஒருத்தி துணி வெளுக்கிறவ.”

“மாட்டியிருந்தா அவங்கள என்ன பண்ணியிருப்பாங்க?”

“கசையடி. கப்பல்ல துடுப்பு வலிக்க அனுப்பிடுவாங்க.”

“அது தெரிஞ்சுதான் சொன்னாங்களா?”

“தெரியாம இருக்காது.”

அவள் துணியை வாளியில் பிழிந்தாள். “நல்லவங்க” என்றாள். வாளியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள்.

டிரசர் நான் முன்பே அடித்துக்கொடுத்திருந்த தாள்களை எடுத்துப் பதினெட்டாம் பக்கத்தைத் தேடினார். படித்தார். “இந்தப் பக்கத்த மறுபடியும் அடிக்கணும் கிராணி” என்றார்.

“நம்பத்தகாத சாட்சிங்கறத மாத்தணுமா? என்னன்னு போட?”

“ஒண்ணும் வேணாம். பேர மட்டும் போடுங்க. தொழிலப் போடுங்க.”

அடுத்த புதன்கிழமை விடுப்பு எழுதிக்கொடுத்தார். நான் அங்கிருந்த பதினைந்து வருடத்தில் அவர் கேட்ட இரண்டாவது விடுப்பு. காரணம் என்ற கட்டத்தில் ‘சொந்த வேலை’ என்றிருந்தது. தாப்பா வழியாக ஈப்போ போய், சத்தியப் பிரமாண அதிகாரி முன் கையெழுத்துப் போட்டுவிட்டு, மாலை பஸ்ஸில் திரும்பினார். நேராக என் அலுவலகத்துக்கு வந்து நகலை மேசையில் வைத்தார். நானே எழுதியிருந்தாலும் அதைவிட ஒழுங்காக எழுதியிருக்க முடியாது. ‘அச்சமயம் நான் இத்தோட்ட மருந்தகத்தில் உதவியாளனாக இருந்தேன். மேற்படி காத்தாயிக்குப் பத்தாம் எண் லயத்தில் பெண் குழந்தை பிறந்ததை நேரில் பார்த்தேன்.’

இரண்டு முறை படித்தேன். “டிரசர், நீங்க யுத்தத்துக்குப் பொறகுதான வேலைக்கு வந்தீங்க?”

“ஆமா.”

“அந்த வருசம் மலாக்காவுல பள்ளிக்கூடம் போய்க்கிட்டிருந்திருப்பீங்க.”

“ஆமா.”

“அம்மை குத்தின புத்தகம்?”

“வீட்டுல இருக்கு. அடுப்பு வரைக்கும் கொண்டுபோனேன். முடியல.” துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “அத யாரும் கேக்க மாட்டாங்க. அப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாது. நான் எப்ப வேலையில சேர்ந்தேன்னுதான் கேப்பாங்க. பொய்ச் சாட்சியப் பிடிக்கணும்னா நானும் அதத்தான் மொதல்ல பார்ப்பேன்.”

“கேட்டா?”

அவர் என் முதுகுக்குப் பின்னாலிருந்த இரும்பு அலமாரியைப் பார்த்தார். பணியாளர் ஃபைல்கள் அதில்தான் இருந்தன. சாவி என் இடுப்பில். “ஒங்ககிட்டதான் கேப்பாங்க கிராணி” என்றார். எனக்கு எதையும் சொல்லித்தரவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

ஐந்து வாரத்தில் பதிவு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஒரே கேள்வி: சத்தியப் பிரமாணம் செய்த மேற்படி நபர் உங்கள் தோட்டத்தில் பணியில் சேர்ந்த தேதி என்ன?

இதை எழுதுகிற எனக்கு நடைமுறை தெரியாமல் இல்லை என்பதை முன்பே சொல்லிவிட்டேன். எங்கள் அலுவலகத்தில் யுத்தத்துக்கு முந்தைய காகிதம் ஒன்றுகூட இல்லை. ஜப்பான்காரன் வந்தபோது எரிந்துபோனது. ‘யுத்தத்துக்கு முந்தைய பணியாளர் ஆவணங்கள் அழிந்துவிட்டன, ஆகவே மேற்படி காலத்துப் பணியை உறுதிசெய்யவோ மறுக்கவோ இயலாது’ என்று ஒரு வாக்கியம் எழுதியிருந்தால் போதும். அந்தக் காலத்தில் பாதித் தோட்டங்கள் அப்படித்தான் பதில் எழுதின. அதில் பொய்கூட இல்லை. அந்த அலுவலகத்தில் யாரோ என்னைப்போல ஒரு கிராணி அதை ஃபைலில் வைத்துக் கட்டி, முத்திரை குத்தியிருப்பான்.

நான் அலமாரியைத் திறந்து ஃபைலை எடுத்தேன். சேர்ந்த தேதி யுத்தம் முடிந்து மூன்றாவது வருடம். அதைத் தட்டச்சு செய்தேன். தோட்டத்தை நிர்வகித்த துரை படிக்காமல் கையெழுத்துப் போட்டார். மூன்றாம் நாள் தபாலில் போனது. பதினான்கு நாள் அவகாசம் இருந்தது.

ஏன் என்று இத்தனை வருடத்தில் எனக்கு நானே பல பதில் சொல்லிக்கொண்டேன். என் வேலை, என் பிள்ளைகளின் படிப்பு, விசாரணை வந்தால் என் பெயர். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்தப் பிரமாணத்தைப் படித்தபோது எனக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் எட்டிப் பார்த்தது. நீங்க பார்த்தீங்களா, நீங்க பார்த்தீங்களா என்று வருடக்கணக்கில் என்னைக் கேட்டவர், பார்க்காததைப் பார்த்தேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். இனிமேல் நாங்கள் இருவரும் ஒன்றுதான் என்று தோன்றியது. அந்தச் சந்தோஷம் தட்டச்சு முடிகிறவரை நீடித்தது.

மனு நிராகரிக்கப்பட்டது. டிரசரை விசாரணைக்கு அழைத்தார்கள். மறுக்கவில்லையாம், தான் சொன்னது பொய்தான், அந்தப் பெண்ணுக்கு அது பொய் என்று தெரியாது என்று மட்டும் சொன்னாராம். அதுவும் பொய். வயதைப் பார்த்து எச்சரித்து அனுப்பினார்கள். துரை அவரை ஓய்வு வாங்கிக்கொள்ளச் சொன்னார். அந்தக் கடிதத்தையும் நான்தான் அடித்தேன்.

அஞ்சலையும் செல்வியும் தோட்டத்து லோரியில் தாப்பா ரயில் நிலையத்துக்குப் போனார்கள். செல்வி இங்கே பிறந்தவள், பிறப்புப் பத்திரம் இருக்கிறது, அவள் இங்கேயே தங்கிவிடலாம் என்று எடுத்துச் சொன்னேன். “யாரோட இருக்கும் கிராணி ஐயா? ஒங்க வீட்டுலயா?” என்று அஞ்சலை கேட்டாள். குரலில் குத்தல் இல்லை, உண்மையாகவே கேட்டாள். நான் பதில் சொல்வதற்குக் கொஞ்ச நேரம் கொடுத்தாள். பிறகு மகளை ஏறச் சொன்னாள். செல்வி பள்ளிச் சீருடையின் மேல் யாரோ கொடுத்த கம்பளிச் சட்டையைப் போட்டிருந்தாள். போகிற ஊரில் அது தேவைப்படாது என்று அங்கே ஒருவருக்கும் சொல்லத் தோன்றவில்லை. அவர்களிடமிருந்து ஒரு கடிதம் வந்தது, சென்னை முத்திரையோடு. டிரசர் பெயருக்கு வந்ததால் நான் பிரிக்கவில்லை. மலாக்கா முகவரிக்கு மாற்றி அனுப்பினேன்.

அவர் மலாக்கா கிளம்புவதற்கு முந்தின நாள் அலுவலகத்துக்கு வந்தார். கட்டுரைத் தாள்கள் அவர் பெட்டிக்குள் போய்விட்டன. அனுப்பினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் எழுதிய பதிலின் நகலைப் பார்க்கலாமா என்றார். பணியாளர் தன் ஃபைலைப் பார்க்கத் துரையின் அனுமதி வேண்டும். எடுத்துக் கொடுத்தேன்.

நின்றுகொண்டே படித்தார். சின்னக் கடிதம்தான், நான்கு வரி. சுருளை நுண்ணோக்கியில் படிப்பது போல ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் சொல்வதற்கு என்னிடம் விதிகள் இருந்தன.

“தேதி சரி” என்றார். “இதுக்கு நகல் எங்கெங்க போகும்?”

“பதிவு அலுவலகம் ஒண்ணு, நம்ம தலைமை அலுவலகம் ஒண்ணு, இது ஒண்ணு.”

“மூணு எடத்துல இருக்கு. அழியாது.”

சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். என் கடிதத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டார். தேதியைக் குறித்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, என் முழுப்பெயரைக் கேட்டார். இத்தனை வருடப் பழக்கத்தில் அவர் என்னைக் கிராணி என்று மட்டுமே கூப்பிட்டிருக்கிறார். அப்பா பெயரோடு சேர்த்துச் சொன்னேன். எழுதி, பக்கத்தில் தொழிலையும் போட்டு, எழுத்துகள் சரியா என்று பார்க்கச் சொல்லி நோட்டை என் பக்கம் திருப்பினார். சரியாகத்தான் இருந்தன.